மழை இறங்க முதல் நத்தார்

லண்டனில் இருக்கிற மச்சாள் புரட்டாதி கடைசியில் கோல் எடுத்தால், "மச்சான், இங்க மரமெல்லாம் மஞ்சளாப் போச்சு, அப்பிள் ஜாம் காய்ச்சிப் போத்தல்ல அடைச்சிட்டன்" என்பாள். மட்டக்களப்பில் மரமெல்லாம் அப்படி ஒன்றாக மஞ்சளாவதில்லை. எங்களுக்கு இலையுதிர்காலம் என்றால் காற்று மாறுகிற காலம். ஆவணி வரைக்கும் உடம்பையே வற்றலாக்கிய கச்சான் காற்று அடங்கும், புழுக்கம் ஏறும், பின்னேரத்தில் வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கமாகக் கருமுகில் திரளும். அதைக் கண்டதும் மாமி கதிரையை விட்டு எழும்பிவிடுவார்.

"மகன், இனி வெயில எண்ணி எண்ணித்தான் செலவழிக்கணும்."

மாமி என்றால் என் மனைவியின் அம்மா. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. 1996இல் களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு சூட்கேசோடு தாண்டவன்வெளிக்கு வந்தவன் நான். சைவ வீட்டில் வளர்ந்து கிறிஸ்தவ வீட்டுக்கு மருமகனான எனக்கு அதுவரைக்கும் நத்தார் (கிறிஸ்மஸ்) என்றால் பள்ளிக்கூட லீவு, பக்கத்து வீட்டில் இருந்து வருகிற கேக் துண்டு, அவ்வளவுதான். மனைவி தாதி. இரவு வேலை, பகல் வேலை என்று மாறி மாறிப் போகிறவர். அதனால் மாமியின் குசினிக்கு உதவியாள் வேலை என் தலையில் விழுந்தது. விஞ்ஞானம் படிப்பிக்கிற வாத்தியாருக்குக் கருவாடு காயப்போடத் தெரியாது என்பது முதல் வருசமே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

இத்தனை வருசத்தில் நான் பிடித்துக்கொண்ட கணக்கு ஒன்றுதான். டிசம்பர் 25ஐ வைத்து நாளைப் பின்னோக்கி எண்ணினால் இந்த ஊரில் தோற்றுப்போவோம். மழையை வைத்துத்தான் எண்ண வேண்டும். புரட்டாதியில் முழு வெயில் கிடைக்கும். ஐப்பசியில் காலை வெயில் மட்டும். 1 மணி, 2 மணிக்கு மேல் இடி முழங்கினால் அன்றைய கதை முடிந்தது. கார்த்திகை பிறந்து வாடை வீசத் தொடங்கினால் மூன்று நாள் விடாமல் பெய்யும், வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலியில் சொல்லுவார்கள், உப்புப் போத்தலுக்குள் உப்பே கரைந்து நிற்கும். காய வேண்டியதெல்லாம் அதற்கு முதல் காய்ந்திருக்க வேண்டும், கேக்குக்குள் போகிற முந்திரிகை வற்றல் உட்பட.

சுவருக்கும் அதே சட்டம்தான். கல்யாணம் முடிந்த முதல் வருசம், நத்தாருக்குப் பெயின்ட் அடிக்கிற பொறுப்பை நான் எடுத்தேன். போனஸ் காசு கைக்கு வரட்டும் என்று கார்த்திகை கடைசி மட்டும் இழுத்தேன். ஈரச் சுவரில் அடித்த பெயின்ட், ஜனவரி தொடக்கத்தில் வருகிற மூவிராசாக்கள் திருநாளுக்குள் அப்பளம் மாதிரி எழும்பி, விரலால் தொட்டால் உள்ளங்கை அகலத்துக்குக் கையோடு வந்தது. மாமி ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி ஒரு சுளகில் போட்டு முற்றத்தில் வைத்தார். சொல்லியிருக்கலாம், அது பரவாயில்லை. இப்போது பீலி துப்புரவாக்குவது, ஓட்டில் உடைந்ததை மாற்றுவது, பெயின்ட், எல்லாம் புரட்டாதிக்குள். காசு இல்லாவிட்டால் முன் விறாந்தைக்கு மட்டும் அடிப்போம், மற்றது அடுத்த வருசம்.

அடுத்தது மிளகாய்த்தூள். மாரிக்கு மூன்று மாதத்துக்குத் தூள் தேவை. காய்ந்த கொச்சிக்காயை இரண்டு வெயில் மொறுமொறுவென்று காயவைத்து, மல்லி, சீரகம், மிளகு எல்லாம் தனித்தனியாக வறுத்து மில்லுக்குக் கொண்டுபோவேன். கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மில்லில் இருந்து வருகிற தூள் சுடச்சுட இருக்கும். அதை அப்படியே போத்தலில் அடைத்தால் மூடியின் உட்பக்கம் வேர்த்து, அந்தத் துளி தூளிலேயே விழுந்து கட்டி பிடிக்கும். கடதாசியில் பரப்பி முழுதாக ஆறவிட்டு அடைத்தால் தைப்பொங்கல் கடந்தும் மணம் குறையாது.

கருவாட்டுக்கு வருகிறேன். கரைவலைக்காலம் முடிகிற நேரம் கல்லடிக் கடற்கரையில் நெத்தலியும் கீரியும் மலிவாகக் கிடைக்கும். மாரியில் கடல் குமுறும், தோணி இறங்காது, சந்தையில் மீன் விலை கேட்டால் திரும்பி வர வேண்டியதுதான். அதனால் அந்த மலிவு நாளில் வாங்கி வைப்போம். நெத்தலி பிரச்சினை தராது. உப்பில் பிரட்டிப் பரப்பினால் இரண்டு நல்ல வெயிலில் கலகலவென்று காய்ந்துவிடும். என்னைக் கவிழ்த்தது பாரை. மூன்று கிலோப் பாரை ஒன்றை வாங்கி, நடுவில் பிளந்து, மேலாக உப்புப் பூசிக் கொடியில் தொங்கவிட்டேன். நாலாம் நாள் வெளியே பார்க்கத் தங்கம்போல இருந்தது. முதுகுப் பக்கத்துத் தடித்த சதையை மாமி கட்டை விரலால் அழுத்தினார். அது உள்ளே போய் வெளியே வந்தது. கத்தியால் கீறிக் காட்டினார். உள்ளே புழு.

தடித்த மீனுக்குச் சதையில் விரற்கடை அளவு இடைவெளி விட்டு ஆழமாகக் கீற வேண்டும். நாலு பங்கு மீனுக்கு ஒரு பங்கு கல்லுப்பு, கீறலுக்குள் விரலை விட்டு அடைக்க வேண்டும். ஓர் இரவு மூடி வைத்தால் மீனே தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஒரு தரம் அலசி, தரையில் இருந்து இடுப்பு உயரத்துக்குத் தட்டி கட்டி, மேலே பழைய நுளம்பு வலையைப் போர்த்திக் காயவைக்க வேண்டும். காய்ந்ததா என்று பார்க்கக் கண்ணை நம்பக் கூடாது, கட்டை விரலைத்தான் நம்ப வேண்டும்.

மோர் மிளகாய் என் மனைவியின் பகுதி. எங்கள் வீட்டில் கொச்சிக்காய் கொச்சிக்காய்தான், தூளாக்கினால், மோரில் போட்டால் மட்டும் அதற்கு மிளகாய் என்று பெயர் மாறிவிடும், ஏன் என்று கேட்காதீர்கள். சட்டித் தயிர் எருமைப்பாலில் செய்தது, வெட்டி எடுக்கிற பதத்தில் இருக்கும். அதை அப்படியே போட்டால் காயில் ஊறாமல் வெளியே பூச்சுப்போலக் காயும். இரண்டு பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்து உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, கீறிய காயை ஊறவிட வேண்டும். பகலில் காயை மட்டும் வெயிலில், இரவில் திரும்ப அதே மோரில். மோர் வற்றிக் காணாமல் போக நாலைந்து நாள் எடுக்கும். ஐப்பசி பிறந்த பிறகு ஆரம்பித்தால் நடுவில் மழை பிடித்து நூல் விடும். நூல் விட்டதைப் பொரித்துப் பார்க்கலாம் என்று ஒரு வருசம் துணிந்தோம். துணிந்திருக்கக் கூடாது.

தேசிக்காய் ஊறுகாய் எல்லாருக்கும் தெரிந்தது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: தகர மூடி போட்ட போத்தலில் போடாதீர்கள். உப்பும் புளியும் சேர்ந்து மூடியைத் தின்று, துரு ஊறுகாயில் கொட்டும். பீங்கான் சாடி, இல்லாவிட்டால் பிளாஸ்டிக் மூடி.

இனிப் பூசணி, கேக்குக்குள் போடுகிற, சீனிப்பாகில் காய்ச்சிய கட்டிகள். எங்கள் வீட்டு நத்தார் தொடங்குவது இதில்தான்.

கடையில் விற்கிற பூசணி அல்வா கேக்குக்குப் போதும் என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். போதும்தான். ஆனால் மாமிக்குப் போதாது. நீத்துப்பூசணி என் அம்மாவின் ஊர்ப்பக்கம் இருந்து வரும். அம்மா இருந்த காலத்தில் காயைத் தானே தெரிந்து பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார். நீறு தடிப்பாகப் படிந்திருக்க வேண்டும், விரலால் கோடு போட்டால் கோடு தெளிவாகத் தெரிய வேண்டும், அதுதான் முற்றல். பிஞ்சுக் காய் பாகில் கரைந்து காணாமல் போகும். முழுக் காயில் முதல் வெட்டு ஆம்பிளை கையால் விழ வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். அதை மாமியிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டுக் கத்தியை என்னிடம் நீட்டினார். அன்று முதல் அந்த வெட்டு என்னுடையது.

நாலு கிலோக் காய் எடுத்தால் தோலும் நடுப்பஞ்சும் விதையும் போக இரண்டரைக் கிலோ அளவில் மிஞ்சும். ஓரங்குலக் கட்டிகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் முள்ளுக்கரண்டியால் நாலு பக்கமும் குத்த வேண்டும். பிள்ளைகளை வளைத்துப் பிடிக்க நல்ல வேலை இது. ஏச்சு வாங்காமல் எதையாவது குத்தலாம் என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை வராது? பிறகு வெற்றிலைக்குப் பூசுகிற சுண்ணாம்பில் ஒரு மேசைக்கரண்டி எடுத்து மூன்று லீற்றர் தண்ணீரில் கரைத்து, அரை மணித்தியாலம் தெளியவிட்டு, மேலே நிற்கிற தெளிந்த தண்ணீரை மட்டும் கட்டிகள் மேல் ஊற்றி இரவு முழுக்க வைப்போம்.

முதல் தடவை நான் இந்தச் சுண்ணாம்பைப் பார்த்து, வாத்தியார்த் தனத்தில், "இது எதுக்கு மாமி, வயித்துக்குக் கூடாது" என்றேன். "அப்ப போடாமச் செஞ்சு பாருங்க" என்று அரைக் கிலோவைத் தனியாகத் தந்தார். செய்தேன். பாகு கொதிக்கக் கொதிக்கக் கட்டிகள் ஓரம் மழுங்கி, உருண்டு, கடைசியில் சட்டிக்குள் பூசணி ஜாம். மற்றச் சட்டியில் கட்டி கட்டியாக, நாலு மூலையும் கூர் குறையாமல் நின்றது. பிறகுதான் யோசித்தேன். காயின் கலங்களை ஒட்டி வைத்திருக்கிற பெக்டினைச் சுண்ணாம்பில் உள்ள கல்சியம் இறுக்கிப் பிடிக்கிறது. பரீட்சைக்கு இதை எத்தனை பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுத்திருப்பேன், குசினியில் காணத் தெரியவில்லை. ஆனால் என் பயத்திலும் பாதி சரி. அடியில் தங்கிய மண்டியைச் சேர்க்கவே கூடாது, மறுநாள் காலையில் ஐந்தாறு தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும். கட்டி ஒன்றை நாக்கில் வைத்தால் வெற்றிலைக்கடை ஞாபகம் வரக் கூடாது.

கழுவியதை வெறும் தண்ணீரில் அவித்து, வடித்து, நிறுத்துப் பார்த்து, அதே நிறைக்குச் சீனி போட்டு மெல்லிய நெருப்பில் வைப்போம். முதலில் கட்டிகள் வெள்ளையாகச் சுண்ணாம்புக்கல் மாதிரிக் கிடக்கும். ஒரு மணித்தியாலத்தில் ஓரம் தெளியும், பிறகு நடு தெளியும். கரண்டியில் எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஊடாக வெளிச்சம் தெரிகிற நேரம் இறக்கி, மூடி, அந்தப் பாகிலேயே ஓர் இரவு. மறுநாள் திரும்பக் காய்ச்சிப் பாகு கம்பிப்பதம் வந்ததும் பன்னீர் இரண்டு கரண்டி, கட்டிகளை அள்ளி வெயிலில் பரப்பல். அந்த ஒரு நாள் வெயிலுக்காகத்தான் பூசணி ஐப்பசி முதல் கிழமைக்குள் வெட்டப்பட வேண்டும். வெயில் தப்பினால் மேலே கசிந்து ஒட்டிக்கொண்டே இருக்கும், போத்தலில் பூஞ்சணம் பிடிக்கும். மிஞ்சிய பாகு வீண் போகாது, தேசிக்காய்த் தண்ணீருக்கு விடலாம்.

மாமிக்கு இந்தக் கேக்கைப் பழக்கியது பக்கத்து வளவில் இருந்த, போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கி அன்ரி ஒருவர். அவர் வீட்டில் பெரியவர்கள் தங்களுக்குள் போர்த்துக்கீசு பேசுவார்களாம். மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கீசர் 1628இல் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்துவிட்டார்கள். கோட்டை கையை விட்டுப் போக எடுத்தது பத்தே வருசம். ஆனால் குசினி, போறணை, பாண், நத்தார் என்று அவர்களுடைய சொல்லை வைத்துத்தான் இன்றைக்கும் டிசம்பர் மாதம் நகர்கிறது. பழக்கிவிட்ட அன்ரியின் பிள்ளைகள் அவுஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். கேக் இங்கே இருக்கிறது.

பழம் வெட்டுவது ஐப்பசிக் கடைசியில், மழை பிடித்த பின்னேரங்களில். பன்பாய் விரித்து எல்லோரும் சுற்றி இருப்போம். எங்கள் அளவு இது: முந்திரிகை வற்றல் 500 கிராம், சல்தானா 250, பேரீச்சம்பழம் 250, பூசணி 500, சௌசௌப் பாகு 250, இஞ்சிப் பாகு 200, செரி 125, கஜு 375. கஜுவைப் பிராண்டியில் ஊறவைப்பதில்லை, சுடுகிற அன்றுதான் நறுக்கிப் போடுவது, இல்லாவிட்டால் சொத சொதவென்று ஆகிவிடும். மற்றதெல்லாம் சாடிக்குள் போய், ஒரு கோப்பைப் பிராண்டி, நாலு கரண்டித் தேன், இரண்டு கரண்டிப் பன்னீர், கறுவா, ஏலம், கராம்புத் தூள். மூன்று நாளைக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். மேலே கிடக்கிறது காய்ந்தும் அடியில் கிடக்கிறது நனைந்தும் போகாமல்.

முந்திரிகை வற்றலைக் கழுவுவதா இல்லையா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கட்சி இருக்கிறது. நான் கழுவுகிற கட்சி. மண்ணும் காம்பும் இருக்கும், கழுவத்தான் வேண்டும். ஆனால் 1998இல் கழுவிய கையோடு துணியால் ஒற்றிவிட்டுச் சாடிக்குள் போட்டேன். வெட்டுகிற அன்று கேக்கின் நடுவில் பச்சைப் புள்ளி. உரலில் இடித்து மாவாக்குகிற அளவு கோபம் மாமிக்கு. 20 முட்டை போன கேக் அது. அதற்குப் பிறகு கழுவுவது புரட்டாதியில், ஒரு முழு நாள் வெயிலில் பாயில் காய்ந்து, கையில் அள்ளினால் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர வேண்டும், பிறகு போத்தலில். கடையில் விலை ஏறுவதற்கு முன்னாலும் வாங்கியாயிற்று.

சுடுவது, நத்தாருக்கு நாலு கிழமைக்கு முன் தொடங்குகிற திருவருகைக் காலத்தின் முதல் கிழமை. 250 கிராம் ரவையை நிறம் மாறாமல் மணம் வரும் வரைக்கும் வறுத்து, இளஞ்சூட்டோடு 375 கிராம் பட்டரில் பிசைந்து முதல் நாள் இரவே வைத்துவிட வேண்டும். ரவை பட்டரை உறிஞ்சி ஊதும். அதைத் தவிர்த்தால் கேக் பல்லில் நறநறக்கும். 500 கிராம் சீனியோடு 20 மஞ்சட்கரு அடித்து, பழம், கஜு, ரவை சேர்த்து, கடைசியாக 8 வெள்ளைக்கருவை நுரை நிற்கிற மாதிரி அடித்து மடித்துச் சேர்ப்பது. முட்டையை நேரே கலவைக்குள் உடைக்காதீர்கள். ஒவ்வொன்றாகக் கோப்பையில் உடைத்து மணந்து பார்த்து ஊற்றுங்கள், 19ஆவது முட்டை கூழாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மிஞ்சுகிற 12 வெள்ளைக்கருவுக்கு இன்னும் வழி காணவில்லை. இரண்டு நாளைக்கு எங்கள் வீட்டில் ஆம்லெட் வெள்ளையாக இருக்கும்.

தட்டில் நாலு ஐந்து மடிப்புப் பத்திரிகைக் கடதாசி, அதன் மேல் எண்ணெய்க் கடதாசி. 150 பாகையில் இரண்டரை மணித்தியாலம், பாதியில் மேலே கடதாசி மூடல். இது இப்போதைய கதை. மாமியின் இளமைக் காலத்தில் எந்த வீட்டில் அவண் இருந்தது? தட்டைத் தூக்கிக்கொண்டு பேக்கரிக்குப் போவார்களாம். பாண் சுட்டு முடிந்து போறணை தணிகிற நேரம், தெருவில் உள்ள எல்லா வீட்டுத் தட்டும் உள்ளே போகும். ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் பெயர் எழுதிய கடதாசித் துண்டு. ஒரு வருசம் அந்தத் துண்டுகள் சூட்டில் சுருண்டு விழுந்துவிட்டன. பேக்கரிக்காரர் தன் மனதுக்குப் பட்டபடி தட்டுகளைக் கொடுத்து அனுப்பிவிட்டார். "அந்த வரியம் நாங்க திண்டது ஆருட கேக்கெண்டு இண்டைக்கும் தெரியா" என்பார் மாமி. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா நல்லா இருந்திச்சு" என்பார்.

1990இல் சண்டை திரும்ப மூண்ட பிறகு இருட்டினால் வெளியே போகிற பேச்சே இல்லாமல் போனது. அப்போதுதான் வீட்டுக்குள் மணல் சட்டி வந்தது. பெரிய அலுமினியப் பானையில் இரண்டு அங்குலத்துக்கு ஆற்று மணல், அதன் மேல் மூன்று கல், கல்லின் மேல் தட்டு, வாயை மூடத் தகரம், தகரத்தின் மேல் சிரட்டைத் தணல். எனக்கு அது கேள்விப்பட்ட கதையாகவே இருந்தது, 2021 வரைக்கும். அந்த நத்தாருக்கு முந்தின கிழமைகளில் நாட்டில் அங்கங்கே காஸ் சிலிண்டர் வெடிக்கிறது என்று நாளுக்கொரு செய்தி. மாமி காஸ் அவணுக்குத் தடை போட்டுவிட்டார். மணல் சட்டியை வெளியே எடுத்தோம். முதல் கேக்குக்கு அடிப்பகுதி கரி. கீழே நெருப்பைக் கூட்டி மேலே குறைத்திருந்தேன், அது தலைகீழ். மணல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் கீழே இரண்டு கொள்ளிக்கட்டை போதும், தணல் மேலேதான் கூட வேண்டும். உள்ளே வெள்ளைக் கடதாசித் துண்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிசத்தில் தேத்தண்ணி நிறமானால் சரியான சூடு. கறுத்தால் மூடியைத் திறந்து ஆறவிடுங்கள். இரண்டாவது கேக் அவணில் சுட்டதைவிட நல்லது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். புகை மணம் காரணமாக இருக்கலாம், தணல் ஊதி ஊதிச் சிவந்த என் கண்ணைப் பார்த்த இரக்கமாகவும் இருக்கலாம்.

பாலன் குடிலுக்கு வைக்கோல் வேண்டும் என்பதையும் நத்தார்க் கிழமையில் நினைத்து ஓடக் கூடாது. சிறுபோக வெட்டு முடிந்ததும் படுவான்கரையில் இருந்து ஒரு சாக்கு எடுத்து அடுப்படிக்கு மேலே பரணில் போட்டுவிட வேண்டும். ஒரு வருசம் மறந்து, மழையில் நனைந்த போரில் இருந்து இழுத்து வந்து குடில் கட்டினேன். வைக்கோலுக்குள் ஒட்டிக்கிடந்த நெல் மணிகள் வீட்டுச் சூட்டுக்கு முளைத்து, 24ஆம் திகதி இரவு பாலனை வைக்கப் போனால் தொட்டிலைச் சுற்றி விரல் உயரத்துக்குப் பச்சை. பிடுங்கப் போனேன். மாமி கையைத் தட்டிவிட்டார்.

இவ்வளவு முந்திச் செய்ய வேண்டுமா என்று வெளியூர்க்காரர் கேட்பதுண்டு. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி வந்தபோது மாமிக்கு 25 வயது. கூரை ஓடு பறந்து, வளவில் நின்ற தென்னை ஒன்றும் மிஞ்சவில்லை. காலையில் கட்டிலுக்கடியில் பார்த்தால் கேக்குப் பழச் சாடி அசையாமல் இருந்ததாம். அந்த வருசம் கேக் சுடவில்லை. பழத்தைக் கரண்டி கரண்டியாக எடுத்துத் தெருவில் உள்ள பிள்ளைகளுக்குக் கொடுத்து முடித்தார்கள். 2004 சுனாமியில் எங்கள் வீட்டுக்கு அலை வரவில்லை. 26ஆம் திகதி பின்னேரம், வெட்டிச் சுற்றி வைத்திருந்த இரண்டு பேணிக் கேக்கையும் எடுத்துக்கொண்டு, கல்லடிப் பக்கத்துச் சனம் வந்து தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனோம். ஒரு சின்னப் பிள்ளை கேக்கைத் தின்னவில்லை. சுற்றியிருந்த சிவப்புக் கடதாசியைப் பிரித்து, மடித்து, பிரித்து, மடித்து வைத்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் ஒரு பேணி மூடிய மூடியோடு தை வரைக்கும் இருக்கும். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

சுட்ட கேக்கை முழுதாக ஆறவிட்டு, எண்ணெய்க் கடதாசியில் சுற்றி, பிஸ்கட் பேணியில் அடைத்து, இரண்டு கிழமை கழித்து வெட்டுவோம். தீப்பெட்டி அளவுத் துண்டு, ஒவ்வொன்றுக்கும் உள்ளே எண்ணெய்க் கடதாசி, வெளியே நிறக் கடதாசி. கொக்கிசு, முறுக்கு, பயத்தம் உருண்டை எல்லாம் கடைசிக் கிழமை வேலை. அரிசி மாவை மட்டும் வெயில் காலத்தில் இடித்து வறுத்து வைத்திருந்தால் மழையில் திண்டாட வேண்டியதில்லை. கொக்கிசுக்கு முட்டை போடாமல் தேங்காய்ப்பாலில் கரைத்தது ஒரு தொகுதி தனியாக, சைவக்காரருக்கு.

அப்படியே பிராண்டி இல்லாத பழச் சாடியும் ஒன்று உண்டு. என்னோடு படிப்பிக்கிற காத்தான்குடி முஸ்லிம் ஆசிரியர் ஒருவர் வீட்டில் இருந்து ஒவ்வொரு பெருநாளுக்கும் வட்டிலப்பம் வரும். அவர் வீட்டுக்குப் போகிற கேக்குக்குப் பழத்தைத் தோடம்பழச் சாறும் தேனும் பன்னீரும் விட்டு ஊறவைப்போம். அது வெளியே நாலு கிழமை நிற்காது, புளித்துவிடும். புளித்துப்போனால் பிராண்டி விடாததற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். ஆகவே சுடுவதற்கு இரண்டு நாளைக்கு முன்தான் ஊறல், அதுவும் பிரிட்ஜுக்குள். தட்டு, அகப்பை, சாடி எல்லாம் தனி. சாடிக் கழுத்தில் பச்சை நூல் கட்டுவது எங்கள் அடையாளம்.

போன நத்தாருக்குச் சுடுவதற்கு முதல் நாள் மகள் பிரிட்ஜைத் துப்புரவாக்குகிறேன் என்று நூலை அவிழ்த்து எறிந்துவிட்டு, இடம் இல்லை என்று மேசையில் இரண்டு சாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். ஒரே அளவு, ஒரே மூடி. மாமிக்கு இப்போது கண் அவ்வளவு தெரியாது. இரண்டு மூடியையும் திறந்து, முதலாவதை மணந்தார், இரண்டாவதை மணந்தார், திரும்ப முதலாவதை மணந்தார்.

"இது அவங்கட. மற்றது நம்மட. போய் நூல் எடுத்து வாங்க மகன்."

நூலோடு சேர்த்து ஒரு துண்டுக் கடதாசியில் பெயரும் எழுதி ஒட்டினேன். பேக்கரித் தட்டு ஞாபகம் வந்ததால், இரண்டு பக்கமும் டேப் போட்டு.